முச்சந்திக்கு அப்பால்

முத்துவீரன் மறுபடியும் சாவியைத் திருகினார். என்ஜின் செருமிவிட்டு அடங்கியது. டாஷ்போர்டில் சிவப்பு லைட் விடாமல் மினுக்கியது. பின் சீட்டைக் கழற்றிய இடத்தில், அந்தக் காரின் சொந்தக்காரர் இருளாண்டி பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"சும்மா திருகிக்கிட்டே இருந்தா அது கெளம்பாது சித்தப்பா," என்றாள் இருளாண்டியின் மகள் கமலாட்சி.

தேர்ப்பாடை கட்டித் தோளில் தூக்கிப் போகவேண்டிய மனுஷன். ரத்தோட்டை ரோட்டில் கூட்டமாகப் போகக்கூடாது, ஒரு வண்டி, நாலு பேர் என்று ஆமி செக்பொயிண்டில் சொல்லிவிட்டார்கள். சாவுக்கும் பெர்மிஷன் கேட்கிற வருஷம் அது.

திருடனுக்குப் பயந்து காரில் மாட்டிய அலாரம் லொக், இப்போது சொந்தச் சாவியையே சந்தேகப்பட்டது. சாவியை ஒன் பண்ணிவிட்டு, லைட் தானாக அணையும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இடையில் திருகினால் மறுபடி முதலிலிருந்து; அளவுக்கு மேல் திருகினால் சைரன் வேறு. அந்தப் பொறுமை இருளாண்டிக்கும், ஆஸ்பத்திரி ஓட்டங்களில் அவரோடு மாறி மாறி ஓட்டிய கமலாட்சிக்கும் மட்டுமே இருந்தது.

"நானே ஓட்டிட்டு வாரேன்."

"பொம்பளைங்க முச்சந்தியோட நிக்கணும். ஒங்கப்பன் சாவுல புதுப் பழக்கம் வேணாம். ஸ்டார்ட் பண்ணிக் குடு, போதும்."

அழுகைக்கு நடுவே சண்டை பிடிக்கக் கூச்சப்பட்டு, ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தாள். கொடுத்த கையைத் தானே திட்டிக்கொண்டாள். அப்பாவைக் குழிவரை கொண்டுபோய் விட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அன்று வேறு ஆசை இல்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் சொந்தக்கார ஆம்பிளைகள் இரண்டு பேர் ஒடுங்கிக்கொள்ள, கார் கிளம்பியது. பெண்கள் முச்சந்திவரை நடந்து, பின்னால் பார்க்காமல் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் காரின் சைரன் அலறியது. சந்தியைத் தாண்டியிருந்த செக்பொயிண்டில் என்ஜினை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்திய சித்தப்பா பதற்றத்தில் மறுபடி சாவியைத் திருகத் தொடங்கிவிட்டார். ஆமிக்காரர்களின் துப்பாக்கிகள் உயர்ந்தன.

"போகாத புள்ள!" என்று அம்மா கத்தினாள்.

கமலாட்சி சந்தியைத் தாண்டி நடந்தாள். முன்னால் நின்றவனிடம் சிங்களத்தில் சொன்னாள்: உள்ளே இருப்பது என் அப்பா, கத்துவது பழுதான அலாரம், கொஞ்சம் பொறுங்கள். பெட்டியைப் பார்த்துவிட்டு அவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

"எறங்குங்க சித்தப்பா."

"எப்படின்னு சொல்லு, நா செய்றேன்."

"சொல்லியாச்சு. நீங்க கேக்கல."

இறங்கினார். அவள் உட்கார்ந்து சைரனை நிறுத்தினாள். சாவியை ஒன் பண்ணி, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. அடிக்கட்டும். ஆமியும் ஆம்பிளைகளும் சேர்ந்து அப்பாவுக்காகக் காத்து நின்றது அவளுக்குப் பிடித்திருந்தது. லைட் அணைந்ததும் ஸ்டார்ட் பண்ணினாள். சித்தப்பா பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

மயான வாசலில் மறுபடி ஆரம்பித்தார். "என்ஜின் ஓடட்டும். நீ உள்ளேயே இரு. மத்தத நாங்க பாத்துக்குறோம்."

அவள் என்ஜினை நிறுத்தினாள். சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கமலா!"

"நா இல்லாம இனி ஒங்களுக்கு வீட்டுக்குப் போகவும் ஏலாது," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை அவள்தான் போட்டாள். அடுத்த பிடிக்கும் அவளே குனிந்தாள். சித்தப்பா கையில் மண்ணோடு அவளுக்குப் பின்னால் நின்றார்.