மூன்றாம் ஓலை

பெண் பார்க்க வந்த அன்று நான் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தேன். "பிள்ளைக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லா?" என்று மாப்பிள்ளை வில்சனின் அம்மா கேட்டார். "கடலுக்குள்ள நிக்கிற போட்டுல உள்ள பேர வாசிச்சிருவா" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார்.

எனக்கு மைனஸ் ஒன்பது. நாலாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. எங்கள் ஊர் உவரியில் இதை அறியாதவர் கிடையாது. தூத்துக்குடிக்காரர்களான மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. மற்ற எதிலும் ஒத்துப்போகாத ஊர் இது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இருவர் பெயரையும் சொல்லி, தடை ஏதும் தெரிந்தால் அறிவிக்கச் சொல்வார்கள். முதல் ஓலை முடிந்த மறுநாள் அப்பா என்னைப் பாளையங்கோட்டைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

கண்ணாடியைக் கழற்ற என்னென்ன ஆபரேஷன் உண்டு என்று டாக்டர் ஷஃபீகா பொறுமையாகச் சொன்னார். லேசிக்கில் கருவிழியில் மெல்லிய மூடி மாதிரி வெட்டித் திறந்து லேசர் அடிப்பார்கள். இரண்டு நாளில் பார்வை தெளியும். ஸ்மைல் என்ற முறையில் மூடி இல்லை, சின்னத் துளைதான். பி.ஆர்.கே.யில் மேல்தோலைச் சுரண்டிவிட்டுச் செய்வது. ஒரு வாரம் எரியும். என் கருவிழி மெலிசு, பவரும் அதிகம் என்பதால் மூன்றும் சரிவராது. கண்ணுக்குள் ஒரு லென்ஸ் வைக்கலாம். அதற்கு அளவெடுக்க இரண்டு வாரம் கான்டாக்ட் லென்ஸ் போடவே கூடாது.

வேறு யாருடைய கண்ணைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தேன்.

"எதைச் செஞ்சா ஆளுவளுக்குத் தெரியாது, டாக்டரம்மா?" அப்பாவுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"எதைச் செஞ்சாலும் வெளியே தெரியாது. ஆனா பவர் போனாலும் கண்ணு அதே கண்ணுதான். வருஷா வருஷம் விழித்திரையைப் பாக்கணும். பிறக்கப்போற பிள்ளைக்கும் வரலாம். மாப்பிள்ளை வீட்ல சொல்லியாச்சா?"

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு எது வேணும்மா?"

"எதுன்னாலும் சரி" என்றேன். பொய்யில்லை. எனக்குள் ஒன்றுமே இல்லை.

மூன்றாம் ஓலைக்கு வில்சனும் அவர் அம்மாவும் வந்தார்கள். இரண்டு வாரம் முடியாததால் கான்டாக்ட் லென்ஸ் போட டாக்டர் விடவில்லை, கண்ணாடி போட அம்மா விடவில்லை. "ஒரு நா தானட்டி, நான் கையப் பிடிச்சுக்கிடுதேன்" என்று இழுத்துப் போனாள். பீடம் வெறும் வெளிச்சமாகத் தெரிந்தது.

"அருளப்பன், மரியம்மாள் ஆகியோரின் மகள் ஃபெமினா" என்று பங்குச் சாமியார் வாசித்தார். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார். கோயில் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் தெரியும். ஒரு இருமல்கூட இல்லை.

அந்த அமைதி எனக்கு அருவருப்பாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு தோன்றிய முதல் உணர்ச்சி அதுதான். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து வில்சன் என்னைப் பார்த்தார். கோபமில்லை, அதிர்ச்சிகூட இல்லை. பிறகு தலையைத் திருப்பி, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், தான் என்ன நினைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

அதை மிகத் தெளிவாகப் பார்த்தேன்.