வில்லனை வழியனுப்புதல்

சவப்பெட்டியை மூட மூடியைத் தூக்கியவனைக் கஜானி கை காட்டி நிறுத்தினாள். "கொஞ்சம் பொறுங்கோ."

ஒக்லாந்தின் மனுகாவ் தகனசாலை மண்டபத்தில் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் தொல்லை. பெட்டிக்குள் கிடந்த அவள் கணவன் ரியோஹெய், ஜப்பானில் இருபது வருடம் தொழில்முறை மல்யுத்த வில்லன். எதிராளியை நாற்காலியால் அடிப்பான், நடுவரின் கண்ணில் உப்பைத் தூவுவான். சனம் வெறுத்துக் கூ அடித்தால்தான் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கும். சத்தம் போதாவிட்டால் காதுக்குப் பின்னால் கையை வைத்து, கேட்கவில்லையே என்று சீண்டுவான்.

அவளோடு ஒக்லாந்துக்கு வந்தபின், மேடையில் விழுந்து வாங்கிய அடியெல்லாம் கழுத்து நோவாக வந்து நின்றது. கடைசி மாதங்களில் படுக்கையில் பக்கம் திருப்பினாலே அலறுவான். முந்தாநாள் மூச்சு நின்றபோது கஜானிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா, இனி நோகாது.

ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். "ஒருத்தரும் கைதட்டக் கூடாது. கூ அடிச்சு அனுப்பு" என்று சொல்லியிருந்தான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான். செத்தவீட்டில் கூ அடிக்கச் சொல்லிச் சொந்தக்காரரிடம் கேட்க யாருக்கு வாய் வரும்? காலையில் அம்மா செல்வநாயகியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"விசரே உனக்கு? சனம் காறித் துப்பும்."

இத்தனைக்கும் அவனுடைய பழைய வீடியோவை முதல்முதல் பார்த்த அன்று, "மனுசனே நீ? எழும்பேலாத பெடியனைப் போட்டு அடிக்கிறாய்!" என்று கத்தியவள் அம்மா. அவன் எழுந்து, இடுப்பு வளைய வணங்கி, "தாங்க் யூ மாமி" என்றான். அதன்பிறகு ஞாயிறுதோறும் அவன் வீடியோ போடுவான், அம்மா திட்டுவாள்.

மூடி இறங்கியது. கஜானி வாயைத் திறந்தாள்; காற்றுத்தான் வந்தது. பின்னால் யாரோ நல்லெண்ணத்தில் கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். போச்சு, எல்லாம் போச்சு.

"நிப்பாட்டுங்கோ!"

அம்மா எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "அவருக்கு உது பிடிக்காது. கூ அடியுங்கோ." சொன்னவள் தானே தொடங்கினாள். "கூஊஊ! போடா, கள்ளா!"

மண்டபம் திகைத்துப்போனது. பிறகு பின்வரிசையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு கூ வந்தது. அடுத்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கஜானிக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

பெட்டியை மறைக்கும் திரை மெல்ல மூடத் தொடங்கியது. அவள் பெட்டியின் அருகே போய், சனத்தின் பக்கம் திரும்பி, காதுக்குப் பின்னால் கையை வைத்தாள்.