தகப்பன் பெயர்

ஒக்னியெனைக் கண்டாலே ரெஷாதுக்கு ஆகாது. ஒக்னியெனுக்கும் அப்படித்தான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, முகாமின் சமையல்காரன் வரைக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் பன்னிரண்டு வாரமாக இரண்டு பேரும் ஒரே மேசையில், முழங்கையோடு முழங்கை இடிக்க, ஆங்கிலம் படித்தார்கள். ஜோடி சேர்த்தால் அந்தப் பக்கத்து ஆள் ஒருவன், இந்தப் பக்கத்து ஆள் ஒருவன் என்றுதான் சேர்க்க வேண்டும், மேலிடத்து உத்தரவு. ஒக்னியென் செர்பியன், ரெஷாத் முஸ்லிம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்களுக்கு ஒரே சீருடையை மாட்டி, ஒரே ராணுவம் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. போஸ்னியாவில் பெயர் வைக்க என்ன செலவு?

இருவருக்கும் வயது முப்பத்துநான்கு. முப்பத்தைந்து ஆனால் சிப்பாயை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தப்ப வேண்டுமானால் சார்ஜெண்ட் ஆக வேண்டும். டென்மார்க்காரர்களோடு ஆப்கானிஸ்தான் போகும் படையில் ஒரே ஒரு சார்ஜெண்ட் இடம் காலி. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் யார் முந்துகிறானோ அவனுக்கு அது. ரெஷாதின் மனைவி வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பெண் பிள்ளைகள். நவம்பரில் அவனுக்குப் பிறந்தநாள்.

தேர்வு நாள் காலை, நடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒக்னியென் ஆரம்பித்தான்.

“என்னடா, நேத்து பூரா சுவத்தோட இங்கிலீஷ் பேசிட்டிருந்தியாமே. சுவரு என்ன சொல்லுச்சு?”

“உன்னைவிடத் தெளிவா பேசுச்சு.”

“பாவம், அதுக்கும் ஒரு வேலை போட்டுக் குடு. நவம்பருக்கப்புறம் உனக்குப் பேச அதுதானே இருக்கும்.”

ரெஷாத் தன் காப்பிக் கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டு அவன் பக்கம் நகர்ந்தான். நல்லவேளையாக யத்ராங்கா டீச்சர் வந்துவிட்டாள். அவள் குரோவேஷியக்காரி, சண்டையில் மூன்றாவது பக்கம். அதனால் இரண்டு பேரையும் சரிசமமாகத் திட்டுவாள்.

“இங்க பாருங்க, உள்ள போனதும் ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசணும். ஒருத்தன் ஊமையா நின்னா ரெண்டு பேருக்கும் மார்க் போயிடும். அடிச்சுக்கறதா இருந்தா இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க.”

உள்ளே மேசைக்குப் பின்னால் கிர்ஸ்டன் என்ற டென்மார்க் கேப்டன் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை முடி, வெள்ளைச் சிரிப்பு. ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டு ஒரு அட்டையை நீட்டினாள். சோதனைச்சாவடி. ஒருவன் காவல் நிற்கும் சிப்பாய், மற்றவன் லாரி ஓட்டி. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், என்ன சரக்கு, காகிதம் எங்கே, பெயர் என்ன, இந்த ஐந்தையும் கேட்க வேண்டும். பிறகு ஆள் மாற வேண்டும். உலகத்தில் எத்தனையோ இருக்க, இந்த நாட்டுக்காரர்களுக்குச் சோதனைச்சாவடியைக் கொடுக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ.

முதலில் ஒக்னியென் சிப்பாய்.

“வண்டியை நிறுத்துங்கள். எங்கிருந்து வருகிறீர்கள்?” என்றான் ஆங்கிலத்தில்.

“கிராமத்திலிருந்து வருகிறேன். ஆப்பிள் ஏற்றியிருக்கிறேன். சந்தைக்குப் போகிறேன்.”

“உங்கள் பெயர்?”

“ரெஷாத்.”

“தகப்பன் பெயர்?”

அட்டையில் அந்தக் கேள்வி இல்லை. எந்த நாட்டுப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்காது. யுத்த காலத்தில் இந்த நாட்டுச் சாலைகளில் மட்டும் இருந்தது. சொந்தப் பெயரை மாற்றிச் சொல்லிவிடலாம், அடுத்தவன் அடையாள அட்டையைக்கூடக் காட்டலாம். ஆனால் தகப்பன் பெயரைப் படக்கென்று கேட்டால், பொய் சொல்லும் நாக்கு ஒரு நொடி தடுமாறும். அந்த ஒரு நொடிதான் சோதனை. மசூதிப் பெயரா, தேவாலயப் பெயரா என்பதைப் பார்த்து, இவன் பேருந்தில் ஏறட்டும், அவன் இறங்கட்டும் என்று பிரிப்பார்கள். தொண்ணூற்றிரண்டில் ரெஷாதின் அப்பாவை அப்படித்தான் இறக்கினார்கள். எலும்புகூடக் கிடைக்கவில்லை.

வேண்டுமென்றே கேட்கிறான், என் வாயை அடைக்கப் பார்க்கிறான் என்று ரெஷாதுக்கு நெஞ்சு கொதித்தது. அந்த நாயும் எங்கோ ஒரு சாலையில் நின்றவன்தான், இல்லாவிட்டால் இந்தக் கேள்வி இவ்வளவு சரளமாக வருமா?

“ஹுசெயின்,” என்றான். குரல் உடையவில்லை. அதுவரை அவனுக்கு நிம்மதி.

ஆள் மாறினார்கள். இப்போது ரெஷாத் சிப்பாய். அட்டையில் உள்ளதை மட்டும் கேட்பேன், இந்த ஈனப்பயல் மாதிரி நடக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். எங்கிருந்து? எங்கே? என்ன சரக்கு? எல்லாம் ஒழுங்காக வந்தது. ஒக்னியென் காகிதத்தை நீட்டுவதுபோல் வெறுங்கையை நீட்டினான்.

“பெயர்?”

“ஒக்னியென்.”

“தகப்பன் பெயர்?”

கேட்டது யார் என்று ரெஷாதுக்கே ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. தொண்ணூற்றி மூன்று, ஆற்றுப் பாலம், தோளில் துப்பாக்கி, வயது பதினேழு. ஒரு மாதம் அங்கே நின்று போகிற வருகிறவர்களிடம் இதையேதான் கேட்டான். தவறான பதில் சொன்ன கிழவர் ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போகச் சொன்னான். போனவர் திரும்பவில்லை. ஏன் என்று அவன் யாரையும் கேட்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

“சாவோ,” என்றான் ஒக்னியென், தரையைப் பார்த்து. அவன் முகத்தில் கேலி இல்லை. ரெஷாதும் நின்றவன்தான் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

கேப்டன் பேனாவை நிறுத்தினாள்.

“சுவாரசியமாக இருக்கிறதே. இருவருமே தகப்பன் பெயரைக் கேட்டீர்கள். அட்டையில் அது இல்லை. ஏன் கேட்டீர்கள்?”

கருவி ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் ஒக்னியென் தொலைந்தான். ஆனால் அவனோடு ரெஷாதும் தொலைவான். மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் எச்சில் யார் முகத்தில் விழும்? சும்மா இருந்தாலோ மார்க் போகும், நவம்பர் வரும்.

“அது எங்கள் வழக்கம், மேடம்,” என்றான் ரெஷாத். பன்னிரண்டு வாரத்தில் வராத ஆங்கிலம் அப்போது ஆறாக வந்தது. “எங்கள் நாட்டில் குடும்பம்தான் பெரிது. புதிய மனிதரைப் பார்த்தால் அவருடைய தகப்பனாரை விசாரிப்போம். அது மரியாதை. அவரைத் தனி ஆளாகப் பார்க்கவில்லை, ஒரு வீட்டின் பிள்ளையாகப் பார்க்கிறோம் என்று பொருள்.”

“ஆமாம்,” என்றான் ஒக்னியென். “மரியாதை.”

கேப்டன் முகம் மலர்ந்து நீளமாக எழுதினாள்.

பதினொரு மணிக்கு முடிவு வந்தது. இடம் ரெஷாதுக்கு. யத்ராங்கா டீச்சர் காகிதத்தைக் காட்டி, “சொந்தப் பண்பாட்டை அழகா விளக்கினார்னு எழுதியிருக்கா,” என்றாள். அவன் கண்ணை அவள் பார்க்கவில்லை. அந்தப் பண்பாடு அவளுக்கும் தெரியும்.

சாப்பாட்டுக் கூடத்தில் வேறு இடம் இல்லாமல் ஒக்னியென் எதிரே வந்து உட்கார்ந்தான். இரண்டு பேர் முன்னாலும் பீன்ஸ் சூப் ஆறியது.

“எங்க நின்ன?” என்றான் ஒக்னியென்.

“நீ எங்க நின்ன?”

“சார்ஜெண்ட் ஆயிட்டே இல்ல, நீ சொல்லு மொதல்ல.”

“மூடிட்டுத் தின்னுடா.”

அப்போது கேப்டன் தட்டோடு வந்தாள். ரெஷாதின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இனிமேல் கூட்டு ரோந்துக்கு வரும் தன் சிப்பாய்களுக்கும் அந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னாள். பிறகு, டீச்சரிடம் கேட்டு எழுதிவைத்திருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்து, அவர்கள் மொழியிலேயே, குழந்தை போல எழுத்துக் கூட்டிக் கேட்டாள்.

“உங்க அப்பா பேரு என்ன?”

கூடம் முழுக்க ஸ்பூன் சத்தம் நின்றது. அந்தப் பக்கத்து ஆட்கள், இந்தப் பக்கத்து ஆட்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டன் சிரித்தபடி காத்திருந்தாள்.

ரெஷாதின் நாக்கு ஒரு நொடி தடுமாறியது. அந்த ஒரு நொடியை ஒக்னியென் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஹுசெயின்,” என்றான் ரெஷாத்.