மிஷினில் படுத்து எழுந்தவள்

மரியபுஷ்பத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நோயாளியின் வாந்தியைப் பார்த்து அல்ல. முப்பது வருஷ நர்ஸ் வேலையில் அதெல்லாம் பழகிப்போன சங்கதி. டாக்டர் பரிதியைப் பார்த்துத்தான்.

கட்டிலில் கிடந்தவள் வேம்பு. குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமம், நாற்பது வயது. காலையில் நன்றாக இருந்தவள் பதினொரு மணிக்குச் சுருண்டு விழுந்தாளாம். வியர்த்துக் கொட்டியது, வாயோரம் எச்சில் வழிந்தது, நெஞ்சு கரகரத்தது. பரிதி நான்கடி தள்ளி நின்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஸ்கேன் எடுத்துப் படத்தைப் பெங்களூருக்கு அனுப்பியாகிவிட்டது. அங்கே யாரோ பார்த்து எழுதி அனுப்பும்வரை இந்த மகானுபாவர் அவளைத் தொடமாட்டார்.

ஸ்கேன் மிஷின் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் தலைவலிக்கும் மிஷின், தலைசுற்றலுக்கும் மிஷின் என்றாகிவிட்டது. வளைகுடாவில் இருக்கிற ஆண்கள் போனில் "எல்லா டெஸ்டும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டால் போதும். குவைத்திலிருந்து வேம்புவின் புருஷனும் அதையேதான் சொன்னான்.

மரியபுஷ்பம் வேம்புவின் இமையைப் பிரித்து டார்ச் அடித்தாள். கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அவள் வேலை பழகிய பழைய மிஷன் ஆஸ்பத்திரியில், குறுவைக்குக் குறுவை இந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறாள்.

"டாக்டர், பூச்சி மருந்து மாதிரி இருக்கு."

"குடிக்கலைன்னு சொல்றாங்களே சிஸ்டர். வாடையும் இல்ல. மூளையில ரத்தம் கசிஞ்சாலும் கண்ணு இப்படிச் சுருங்கும். ரிப்போர்ட் வரட்டும்." அவர் திரும்பக்கூட இல்லை.

வாடை இல்லைதான். பவுடரும் மல்லிகையும்தான் மணத்தன. புடவை புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. வேலை நாளில், அதுவும் பதினொரு மணிக்கு, புதுப் புடவை கட்டிக்கொண்டு யார் விழுவார்கள்? வெளியே நின்ற மகள் எழில்மொழியிடம் போனாள். இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கிற பெண்.

"அம்மா விழுந்தப்ப இந்தப் புடவையா கட்டியிருந்தாங்க? மறைக்காம சொல்லும்மா. நேரம் இல்ல."

பெண் உடைந்துவிட்டது. "வயலுக்கு மருந்து அடிச்சாங்க சிஸ்டர். ஆள் கெடைக்கல, எல்லாரும் திருப்பூர் போயிட்டாங்க. ஸ்பிரேயர் ஒழுகி முதுகெல்லாம் நனைஞ்சிடுச்சு. பூச்சி மருந்துன்னு சொன்னா போலீஸ் கேஸாயிடும், குடிச்சிட்டான்னு ஊரே பேசும்னு சித்திதான் புடவைய மாத்தி, பூ வச்சி..."

"தலைக்கு ஊத்துனீங்களா?"

இல்லை என்று தலையாட்டியது.

மரியபுஷ்பம் உள்ளே ஓடி, மல்லிகைச் சரத்தை விலக்கிப் பின்னலுக்குள் கைவிட்டாள். சொதசொதவென்று ஈரம். மூன்று மணி நேரமாக அந்தப் பின்னல் பிடரியில் கிடந்து விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கிறது. ஈரக் கையைப் பரிதியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாருங்க டாக்டர்."

அவர் முகம் சுளித்தார். அப்புறம்தான் விஷமுறிவு ஊசி ஏறியது. மரியபுஷ்பம் கையுறை மாட்டிக்கொண்டு, பூவையும் புடவையையும் களைந்து, சோப்புப் போட்டு மூன்று தடவை தலையை அலசினாள். சாயங்காலம் எச்சில் வற்றியது. அந்நேரத்துக்குத்தான் பெங்களூர் ரிப்போர்ட்டும் வந்து சேர்ந்தது. மூளையில் குறை ஒன்றுமில்லையாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது பூச்சி மருந்து என்று எழுத வேண்டாமென்று சித்தி கெஞ்சினாள். பரிதிக்கு அது வசதியாகப் போயிற்று. அடுத்த மாதம் ஆஸ்பத்திரி வாசலில் போர்டு வைத்தார்கள். மிஷின் பக்கத்தில் வேம்பு, அவள் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு பரிதி. 'நவீன ஸ்கேன் காப்பாற்றிய உயிர்' என்று கொட்டை எழுத்து. தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போகும்போது மரியபுஷ்பத்துக்குக் காறித் துப்பலாம்போல வரும். துப்பவில்லை. பிழைத்தது எதனால் என்று வேம்புவிடம்கூட, வேலை போய்விடுமென்று வாயைத் திறக்கவுமில்லை. பரிதிமேல் இருந்த அருவருப்பைவிட அவள்மேலேயே அவளுக்கு இருந்த அருவருப்பு அதிகம்.

குறுவை அறுப்பு முடிந்து தாளடிப் பயிர் பச்சைபிடித்திருந்த சமயம். ஒருநாள் மத்தியானம் வேம்பு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஆள் தேறியிருந்தாள். மரியபுஷ்பத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை சிஸ்டர், நீங்க இருக்கீங்க. எழிலுக்குத் தலைசுத்தல், ஒரே வாந்தி. அந்த மிஷின்ல ஒரு தடவ படுக்க வச்சிடுங்க. எனக்கு அதுலதானே சரியாச்சு."

ஆட்டோவிலிருந்து எழில்மொழியைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். வாயோரம் எச்சில் வழிந்தது. பேசும் நிலையில் இல்லை. மடிப்புக் கலையாத சுடிதார், முகம் நிறையப் பவுடர், தலை நிறைய மல்லிகை.

"யாரு மருந்து அடிச்சா?" என்றாள் மரியபுஷ்பம்.

வேம்பு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு முடியலன்னு காலையில இவதான் அடிச்சா. கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு சிஸ்டர், வெளிய சொல்லிடாதீங்க."

ஸ்ட்ரெச்சர் அதற்குள் ஸ்கேன் அறைப் பக்கம் திரும்பிவிட்டது. மரியபுஷ்பம் ஓடிப்போய் மறித்து, பூவைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பின்னலுக்குள் கைவிட்டாள். சொதசொதவென்று நனைந்திருந்தது.

"குழாயடிக்குத் தள்ளுங்க" என்றாள்.

"எங்க சிஸ்டர் கொண்டுபோறீங்க?" வேம்பு பதறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். "மிஷின் அந்தப் பக்கம்ல இருக்கு."