பிரமிடு என்று சொல்லாதவள்

ஷாஹிந்தா ஆறு வருடமாகக் கெய்ரோவில் உட்கார்ந்து, வெளிநாட்டாருக்குத் தொலைபேசியில் ஓட்டல் அறைகள் பதிவு செய்து வந்தாள். ஒருமுறைகூட அவள் பிரமிடு என்று சொன்னதில்லை.

பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் ஒலி அரபியில் உண்டு. முதலில் வருவது இல்லை. அந்த முதல் ஒலி அவள் வாயில் கனத்துப்போய் இரண்டாவதாகவே விழும். அதனால் அவள் 'பிளீஸ்' சொல்லமாட்டாள், 'கைண்ட்லி' என்பாள். 'பிராப்ளம்' அவளுக்கு 'இஷ்யூ'. ஜன்னலைத் திறந்தால் பிரமிடு தெரியும் அறைக்கு, 'ஏன்ஷியன்ட் கீஸா வியூ.'

ஒவ்வொரு வாக்கியத்திலும், தண்ணீர் தேங்கிய தெருவில் கல் தேடிக் கால் வைப்பதுபோல அடுத்த சொல்லைத் தேடவேண்டும். வீடு திரும்பினால் பேச எதுவும் மிஞ்சாது. "வாயை அங்கேயே வாடகைக்கு விட்டுட்டு வந்துட்டியா?" என்பான் கணவன்.

அப்போதுதான் புது உத்தரவு வந்தது: எழுதிக் கொடுத்த வரிகளை அப்படியே சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மேலாளர் மம்தூஹ் கூடவே இருந்து கேட்பார். தேறாதவர்கள் அரபிப் பிரிவுக்கு. அங்கே வேலை முடிய இரவு எட்டாகும். ஆங்கிலப் பிரிவு மூன்று மணிக்கே விட்டுவிடும். மகள் லயான் பள்ளியிலிருந்து வரும்போது கதவைத் திறக்க அவள் இருப்பாள்.

பக்கத்து இருக்கை மிர்வத் ஒரு மெல்லிய காகிதத்தை அவள் உதட்டருகே பிடித்தாள். "'பிளீஸ்'னு ஊதிச் சொல்லுடி. காகிதம் ஆடணும்."

"எச்சில்தான் வருது."

"வரட்டும், ஃபோன்ல தெறிக்காது."

காகிதம் நனைந்தது, ஆடவில்லை.

ஞாயிறு காலை ஓர் ஆங்கிலேயர் அழைத்தார். மம்தூஹ் காதில் கருவியை மாட்டிக்கொண்டார். ஷாஹிந்தா எதிரிலிருந்த வரிகளைப் பார்த்தாள். கல் தேடத் தெம்பில்லை. தண்ணீரிலேயே இறங்கினாள். பிளீஸ், பாஸ்போர்ட், பிரமிடு எல்லாம் அவள் வாயில் வந்தபடியே வந்தன. அவர் ஒருமுறை "என்ன?" என்றார். அவள் அப்படியே திரும்பச் சொன்னாள். அறை பதிவாயிற்று.

மம்தூஹ் கருவியைக் கழற்றினார். "ஆறு வருஷமா இப்படியா பேசினே? என் காதுல விழவே இல்லையேம்மா."

"இல்ல உஸ்தாத். இன்னைக்குத்தான் பேசினேன்."

அவர் அதை வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அரபிப் பிரிவில் அவளுக்கு முதல் அழைப்பு, மன்சூராவிலிருந்து ஒரு பெண்மணி. லயான் இந்நேரம் பாட்டி வீட்டில் சோறும் முலூகியாக் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஷாஹிந்தா வாய் திறந்தாள். அடுத்த சொல்லில் ஆபத்து உண்டா என்று மனம் தானாக முன்னே ஓடிப் பார்த்தது. இல்லை. அதற்கடுத்த சொல்லையும் பார்த்தது.

"ஏன்டிம்மா, ஒவ்வொரு வார்த்தைக்கும் நிக்கறே?" என்றாள் அந்தப் பெண்மணி. "எங்கிட்ட எதையாவது மறைக்கறியா?"

"இல்ல ஹாஜ்ஜாம்மா," என்றாள் ஷாஹிந்தா, சற்று நின்று. "சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்."