கடைசி அறையின் அடுப்பு

பாலே ஆற்றங்கரையின் நெடுவீட்டில் அத்தனை குடும்பங்களும் ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தன. வரிசையின் கடைசி அறை சுலாவுடையது. அவளும் கணவன் ஜராவும் லாபுவான் தீவில் கப்பல் பட்டறை வேலைக்குப் புறப்படுகிறார்கள். திரும்ப இரண்டு வருடம் ஆகும். படகு மதியத்தில்.

விடிந்ததிலிருந்து அவள் வேலையாகவே இருந்தாள். மழைநீர்ப் பீப்பாயைக் கவிழ்த்தாள். எரிவாயு உருளையின் குழாயைக் கழற்றினாள். பாய்களைச் சுருட்டி, கரையான் எட்டாதபடி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். பரம்பரைச் சாடிகளின் வாயைத் துணியிட்டு இறுக்கினாள். எஞ்சியது, பக்கத்தில் விறகுக்கட்டைகள் குவிந்த சுவரோரத்து மண்ணடுப்பு. அதை மட்டும் எப்படி விட்டுப்போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாதக்கணக்கில் தீ மூட்டப்படாத அடுப்பு, அறையைச் செத்ததாக்கிவிடும் என்பது நெடுவீட்டு நம்பிக்கை. செத்த அறை வரிசை முழுமைக்கும் கேடு. திரும்பி வருபவருக்கு அதில் உரிமையும் நிற்காது. ஆகவே வெளியூர் போகிறவருக்காகப் பக்கத்து அறைக்காரர் அவ்வப்போது தீ மூட்டுவார். கடைசி அறைக்குப் பக்கம் ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் இருந்தவள் ரின்யா. சில வருடங்களுக்கு முன், அடைகாத்திருந்த தன் கோழியைக் கடித்த ரின்யாவின் நாய்மீது சுலாவ் கொதிநீரை ஊற்றினாள். நாய் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"நெடுவீட்டுத் தலைவர்கிட்ட சொல்லிட்டேன். யாரையாவது அனுப்புவாரு," என்றான் ஜராவ், மூட்டையைக் கட்டியபடி.

"அவரு அனுப்புற ஆளு அடுப்பத் தேடுவானா, நம்ம அரிசிக் கள்ளத் தேடுவானா?"

"போன வருஷம் என் கால் ஒடிஞ்சு மாசக்கணக்கா சிபு ஆஸ்பத்திரியில கெடந்தோமே. அப்ப அடுப்ப யாரு பாத்தா? அவரு அனுப்புன ஆளுதானே?"

"அப்படித்தான் இருக்கணும்," என்றாள் சுலாவ். அன்று திரும்பியபோது பூஞ்சை படியாத சுவர்களையும் அடுப்பின் புதுச் சாம்பலையும் கண்டு நிம்மதியடைந்தவள், யாரென்று விசாரித்ததே இல்லை.

ஜராவ் மூட்டையோடு படகுத்துறைக்கு இறங்கினான். அடுப்புக்கு மேலே, இரு அறைகளுக்கும் பொதுவான சுவரில், நெருப்பும் குழம்பும் கைமாறுவதற்கென்று விட்ட சிறு சன்னல் இருந்தது. சண்டை நடந்த அன்றே ஜராவ் அதன் கதவுப் பலகையை ஆணியடித்து மூடியிருந்தான். எலி நுழையாதிருக்கச் சுலாவ் அதன்மேல் தகரம் வைத்து அழுத்தினாள். பலகை மெதுவாக மறுபுறம் விலகியது.

அவள் கை அப்படியே நின்றது. ஆணித் தலைகள் இந்தப் பக்கம் வரிசையாக இருந்தன. அவற்றின் கூர்கள் அந்தப் பக்கத்திலிருந்து அறுக்கப்பட்டிருந்தன. கீல்களில் பன்றிக் கொழுப்பு மின்னியது. பலகையின் விளிம்பில் கரி படிந்த விரல்தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, பல நாட்களின் தடங்கள். அவை அனைத்தும் அவளது அடுப்பை நோக்கி நீண்டிருந்தன. தன்னோடு பேசாத ஒருத்தி தாங்கள் ஊரில் இல்லாத காலமெல்லாம் இந்தச் சிறு திறப்பின் வழியே கைநீட்டித் தன் வீட்டை உயிரோடு வைத்திருக்கிறாள் என்பது அவளுக்குள் இறங்க நேரமாயிற்று. கண்ணெதிரே இருந்த அடுப்பை ஏறிட்டுப் பார்க்கவும் அவளுக்குக் கூச்சமாயிருந்தது.

மறுபுறத்திலிருந்து ரின்யாவின் குரல் வந்தது. "ஈர வெறக வெச்சிட்டுப் போகாத. போன தடவ ஊதி ஊதி என் கண்ணே அவிஞ்சு போச்சு."

சுலாவ் சன்னலருகே குனிந்தாள். பிறகு கேட்டாள்: "எங்கிட்டதான் பேசமாட்டீங்களே அக்கா?"

"உங்கிட்ட இன்னும் பேசல. உன் அடுப்பு எனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?"

"அந்த நாய்..."

"அதச் சொல்லாத. அந்தக் கோவம் அப்படியேதான் இருக்கு." கரி படிந்த ஒரு கை திறப்பில் நீண்டது. "சுள்ளிய சன்னல் பக்கமா வை. என் கை அவ்வளவு நீளமில்ல."

சுலாவ் தகரத்தைக் கீழே வைத்தாள். ஆற்றிலிருந்து ஜராவ் கூப்பிடுவது கேட்டது.

"படகு கெளம்புது, சுலாவ். என்ன பண்ற?"

"வெறகு மாத்துறேன்," என்றாள் அவள். ஈரக்கட்டைகளை அள்ளி வெளியே எறிந்துவிட்டு, நன்றாகக் காய்ந்தவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சன்னலருகே அடுக்கத் தொடங்கினாள்.