ஒத்துக்காத மருந்து

காலில் சீழ் பிடித்துப் படுத்திருந்த லாரி டிரைவரிடம் நர்ஸ் மூன்று முறை கேட்டாள். "அண்ணே, எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காதா?"

"கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பும்மா இது," என்று அவர் கையை வீசினார்.

ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கழுத்தைச் சொறிந்தார். மார்பெங்கும் தடிப்புகள் எழுந்தன, உதடு வீங்கியது, மூச்சு விசிலடித்தது. அவள் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூவி அழைத்தாள். டாக்டர் சொன்னதும் டிரைவரின் தொடையில் அட்ரினலின் ஊசியைக் குத்தி, ஆக்சிஜன் வைத்தாள். அவர் மூச்சு சீராவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வெளியே காத்திருந்த மனைவி உள்ளே ஓடிவந்து, "போன வருஷம் பல்லு பிடுங்கினப்பவும் மாத்திரை போட்டு இப்படித்தான் வீங்கிச்சு," என்றாள்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதை ஏண்ணே சொல்லல?"

"அது மாத்திரைம்மா. நீ போட்டது ஊசி."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர்மீது பாதி கோபம், வெளியே இருந்த மனைவியைக் கேட்காத தன்மீது மீதி. அவருடைய சிகிச்சை அட்டையில் மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதினாள். இன்னொரு தாளிலும் எழுதி, "மாத்திரையோ ஊசியோ, இது இவருக்கு விஷம். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க," என்று மனைவியிடம் நீட்டினாள்.

"சாயங்காலம் லோடு ஏத்தணும், நான் கிளம்பலாமா?" என்றார் டிரைவர்.

"இந்த வீக்கம் திரும்பவும் வரலாம்," என்றாள் நர்ஸ். "நாளைக்கு வரைக்கும் அசையக் கூடாது!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.